கண் வறட்சிக்கு அக்குபஞ்சர், இமை மசாஜ்... சேர்த்துச் செய்தால் பலன் கிடைக்குமா?

ஆனையூரில் இருந்து மதுரை நகருக்குள் தினமும் பைக்கில் போய் வருபவர்களின் கண்ணைப் புழுதி, புகை, வெயில் மூன்றும் பதம் பார்க்கும். பகலில் ஏசி அறையில் கம்ப்யூட்டர், இரவில் செல்போன். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தினால், சொட்டு மருந்தே வேண்டாம், அக்குபஞ்சரும் இமை மசாஜும் போதும்னு சிலர் சொல்றாங்க. உண்மை என்ன?

கண் ஏன் வறண்டு போகுது?

கண்ணீர் குறைவாகச் சுரப்பது ஒரு வகை. சுரந்த கண்ணீர் சீக்கிரம் ஆவியாவது இன்னொரு வகை. பலருக்கும் இருப்பது இரண்டாவது வகைதான். இமை ஓரத்தில் உள்ள மெய்போமியன் சுரப்பிகள் விடும் எண்ணெய், கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. அந்த எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண் எரியும்.

மசாஜ் எப்படி உதவும்?

வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்கள் மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் எண்ணெய் இளகும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையை கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவ வேண்டும். கருவிழியை அழுத்தக் கூடாது. கண் மருத்துவர்களே பரிந்துரைக்கும் முறை இது.

அக்குபஞ்சர் பலன் தருமா?

அக்குபஞ்சரை மத்திய அரசு 2019-ல் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனால், கண் வறட்சியை அது குணமாக்கும் என்பதற்கு அந்த அங்கீகாரம் சான்று ஆகாது.

தென் கொரிய ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை. 2010-ல் வெளியான ஆய்வில் உண்மையான அக்குபஞ்சர், போலி அக்குபஞ்சர் இரண்டு குழுவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்தான். 2012-ல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிந்தபோது செயற்கைக் கண்ணீர் சொட்டு போட்டவர்களுக்கும் ஊசி குத்திக்கொண்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சில வாரங்கள் கழித்து ஊசிக் குழுவினர் சற்று நன்றாக இருந்தனர்.

இரண்டையும் சேர்த்துச் செய்து நிவாரணம் கிடைத்தாலும், அது மசாஜால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம்.

ஆபத்து எங்கே?

கண்ணைச் சுற்றி ஊசி குத்தினால் ரத்தம் கட்டலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்றும் பார்க்கணும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, காரணம் தெரியாமல் நாள் கடத்துவது. வாய் வறட்சி, மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் ஷோக்ரன் என்ற நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறாக இருக்கலாம். அதை மசாஜ் தீர்க்காது.

என்ன செய்யணும்?

முதலில் பரிசோதனை. கீழ் இமையில் சிறிய காகிதப் பட்டையை 5 நிமிடம் வைத்து, கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்த்துவிடலாம். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே இருக்கு. அக்குபஞ்சர் செய்துகொள்ள விரும்பினாலும், சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்க. வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்க.