துருவுக்குத் துரு

பழைய துவக்கு ஒன்று புதுச்சரக்கு மாதிரிப் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். யாரோ ஒரு பாஸ் அதைச் சக்கரத்தில் பிடித்து வழித்திருப்பார்.

துவக்கு விஷயத்தில் இலங்கையின் ஊவாவுக்குப் பேர் அதிகம். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார்; பாவம் அவரா, யானைகளா என்று தெரியவில்லை. அவர் காலத்தில் மருந்தை வாய்வழியாகக் கெட்டித்துச் சுடுவார்கள். இன்று பழுதுபார்க்க வருவது அதற்குப் பிந்தியது: தோட்டத் துரைமாரோடு வந்த பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைத்துரைமார் கிளம்பியபோது எல்லாத் துவக்கும் கூடவே கப்பலேறவில்லை.

அந்த இரட்டைக்குழலுக்கு நிறம் ஏற்றுவது முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அமிலக் கரைசல் தடவி, ஈரக்காற்றில் விடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பதுளையில் அதற்குத் தனிப்பெட்டியே தேவையில்லை. மெல்லிய செந்துரு படிந்ததும் சுத்தத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால், கண்முன்னே துரு கறுக்கும். நைசான ஸ்டீல் வூலால் தேய்த்தால் பொடி உதிர்ந்து அடியில் மங்கலான சாம்பல் நிறம் நிற்கும். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய அது நீலக்கறுப்பாகும். வாரக்கணக்கு வேலை. காஸ்டிக் சோடாக் கொதிநீரில் முக்கி ஒரே நாளில் கறுப்பாக்கித் தருகிறேன் என்பவரிடம் இரட்டைக்குழலைக் கொடுத்துவிடாதீர்கள். இரு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் ஈயப்பற்றைக் காஸ்டிக் அரித்துவிடும்.

குழலைக் கழற்றினால் அடியில் கிரீடமும் எழுத்துமாகச் சின்ன முத்திரைகள் தெரியும். லண்டனிலோ, 1813இல் சட்டம்போட்டு அமைத்த பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்திலோ வெடித்துப் பார்த்த அடையாளம் அது. எந்த மருந்தைத் தாங்கும் என்று சொல்வதும் அதுதான். சேண்ட் பேப்பர் அங்கே போகவே கூடாது. இரும்பு நாடாவை முறுக்கிச் சுற்றிய பழங்குழல் எவ்வளவு அழகாகத் துலங்கினாலும் இன்றைய தோட்டாவை அதில் போடக்கூடாது.

மரக்கட்டையில் அவசரம் இன்னும் கெடுதல். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், ஆவி ஏறி நார் உப்பிக்கொள்ளும். பிறகு லின்சீட் ஒயிலை விரல்நுனியில் தொட்டு, உள்ளங்கை சூடேறத் தேய்ப்பது. வார்னிஷ் வேண்டாம். பிடிக்கும் இடத்தில் கறுத்து வழுவழுத்திருக்குமே, அதை நான் சுரண்ட விடமாட்டேன். சுட்டவர் துரையாக இருக்கலாம். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தது பெரும்பாலும் பங்களா அப்புவின் கை.

துவக்கு தேவைப்பட்டதும் லயத்தாருக்குத்தான். காட்டுப்பன்றி கிளறுவது துரையின் தேயிலையை அல்ல, லயத்துக்குப் பின்னால் இருக்கும் கிழங்குப் பாத்தியை. ஆனால் அது இருந்தது பங்களாவில். இந்த ஏற்றத்தாழ்வு எந்தப் பாலிஷுக்கும் மறையாது.

வேலைக்குக் கொடுக்குமுன் அனுமதிப்பத்திரத்தையும் துவக்கு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது; இலக்கம் தேய்ந்துபோன துவக்கோடு கச்சேரியில் நின்று விளக்கம் சொல்லமுடியாது. வேலை முடிந்து வந்தபின் தோலுறையில் போட்டுவைக்காதீர்கள். தோல் ஈரம் குடிக்கும். அடுத்த மழைக்குள் செந்துரு திரும்பிவிடும், இம்முறை நாம் கேட்காமலே.