கணினி பழுதானால் உரிமம் என்னாகும்?

மாணவர்களே, பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் நமக்கே சொந்தம் என்று எண்ணுகிறோம். கணினியின் தாய்ப்பலகை பழுதாகும்போதுதான் உண்மை தெரியவரும்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, கணினியின் உறுப்புகளைக் கொண்டு ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, நிறுவனத்தின் சேவையகத்திடம் ஒப்புதல் பெற்றது. உறுப்புகள் பலவற்றை மாற்றினால் எண்ணும் மாறும். சேவையகம் அதை வேறு கணினி என்றே கருதும். இன்றும் பல மென்பொருள்கள் இதே வழியில்தான் இயங்குகின்றன.

சேவையகமும் ஒரு கணினிதான். நம் ஜொகூரில், கூலாய் வட்டாரத்தில் எழும் தரவு மையங்களில் இருப்பவை அத்தகைய கணினிகளே. அவற்றை இயக்க மின்சாரமும் பணமும் வேண்டும். ஆகவே, பழைய மென்பொருளுக்கான சேவையகம் ஒருநாள் நிறுத்தப்படும்.

அடோபி நிறுவனம் 2005இல் வெளியிட்ட சி.எஸ்.2 தொகுப்புக்கு அதுதான் நேர்ந்தது. சேவையகத்தை நிறுத்தியபோது, ஒப்புதல் தேவைப்படாத பதிப்பை அந்நிறுவனம் வழங்கியது. இது நல்ல முன்மாதிரி. கள்ளப் பிரதியைத் தடுக்கப் பூட்டு தேவைதான். ஆனால், பூட்டியவர் கடையை மூடும்போது சாவியைத் தந்துவிட வேண்டும். இதை நிறுவனத்தின் பெருந்தன்மைக்கு விடாமல், விற்கும்போதே எழுத்தில் உறுதியளிக்க வேண்டும்.

அதுவரை, வாங்குமுன் கேளுங்கள்: உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாமா? ஆதரவு எந்த ஆண்டு வரை? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்துவிட்டது. உங்கள் பாடக் கோப்புகளை வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கணினி போனாலும் உழைப்பு மிஞ்சும்.