நேற்றைய காற்றை இன்று அளக்க முடியுமா?

"பனிக்கட்டிக்கு நடுவில் ஆட்களை உட்கார்த்தி வைத்துக் காற்றை அளக்கப் பணம் செலவழிப்பானேன்? அதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் எந்தத் தேசத்திலும் இருக்கின்றார்கள். இது நியாயமான கேள்விதான். வரிப்பணம் எதில் செலவாகின்றது என்று கேட்க ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு. ஆகவே கேட்பவர்களைக் கோபித்துக்கொள்ளாமல், அங்கே நடக்கும் வேலை இன்னதென்று சொல்லுவோம்.

நார்வே தேசத்துக்குச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளில் நி-ஓலசுண்ட் என்று ஓர் ஊர். வட துருவத்திலிருந்து சுமார் 1,230 கிலோமீட்டர் தூரத்திலிருப்பது. முன்பு அது நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-ல் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 21 பேர் மாண்டார்கள். மறு வருஷம் சுரங்கம் மூடப்பட்டது. கரி வெட்டிய அதே ஊரில் இன்று, கரி எரித்ததால் காற்றுக்கு நேர்ந்தது என்ன என்று கணக்கெடுக்கின்றார்கள். சுமார் பத்து தேசத்தார் அங்கே ஆராய்ச்சி நடத்துகின்றார்கள். இந்தியாவும் 2008-ல் ஹிமாத்ரி என்னும் நிலையத்தைத் திறந்து, 2023 டிசம்பர் முதல் குளிர்கால இருட்டிலும் வேலை நடத்த ஆரம்பித்தது.

இருட்டென்றால் சாதாரண இருட்டல்ல. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. கோடையிலோ நான்கு மாதம் இரவே கிடையாது. ஊருக்கு வெளியே போகிறவர்கள் வெண்கரடிக்காகத் துப்பாக்கி கொண்டுபோக வேண்டும். கரடியைக் கண்டு ஓடிவருகிறவர் எந்த வீட்டிலும் நுழைந்து தப்பும்படி கதவுகளைப் பூட்டுவதில்லை. விஞ்ஞானியானாலும் குழாய் பழுது பார்ப்பவரானாலும் சாப்பாடு ஒரே கூடத்தில்தான்.

ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து நடத்தும் நிலையத்தார் தினந்தோறும் நண்பகலையொட்டி ஒரு பலூனில் சிறு கருவியைக் கட்டிப் பறக்க விடுகின்றார்கள். அது சுமார் 30 கிலோமீட்டர் உயரம் ஏறி, வழியெல்லாம் சூடு, ஈரம், காற்றின் வேகம் இவைகளைத் தெரிவித்துவிட்டு வெடித்து விழுகின்றது. மறுநாள் மறு பலூன். இதற்கு நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. ஊர்ப்புகை அளவைக் கெடுக்காதபடி, செப்பலின் என்னும் மலையில் சுமார் 475 மீட்டர் உயரத்தில் மற்றொரு நிலையம் இருக்கின்றது. கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறிப்போய்க் கருவிகளைச் சரிபார்த்து, பழுதிருந்தால் நீக்கி, குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். இதில் வீரக்கதை ஒன்றுமில்லை. செய்ததையே செய்வதுதான் வேலை.

ஆனால் அந்தச் சலிப்பான வேலையில்தான் விஷயமே அடங்கியிருக்கின்றது. ஒரு நாள் அளவு ஒன்றையும் சொல்லாது; முப்பது வருஷத்து அளவு வாய் திறந்து பேசும். தொழிற்சாலைகள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த கரியமிலவாயு, 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. 1979 முதல் வட துருவப் பிரதேசம் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருப்பதாக 2022-ல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இவை யாரோ பெரியவர் சொன்ன வாக்கல்ல. பல பேர் அளந்து எழுதிய கணக்கு. சந்தேகமுள்ளவர் தாமும் அளந்து பார்க்கலாம்.

சரி, அளந்து என்ன கண்டோம்? பிரிட்டிஷார் தென் துருவப் பிரதேசத்தில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஓசோனை இப்படியே சலிக்காமல் அளந்து வந்தார்கள். பழைய கணக்கு கையிலிருந்ததனால்தான், அது பயங்கரமாகக் குறைந்துபோனதை 1985-ல் உலகுக்குச் சொல்ல முடிந்தது. குளிர்சாதனப் பெட்டிகளில் அடைத்த வாயுக்களே காரணமென்று அறிந்து, அவைகளைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரீல் நகரில் ஒப்பந்தம் செய்தார்கள். அவற்றில் முக்கியமானவை இன்று காற்றில் குறைந்து வருவதைச் செப்பலின் மலைக் கருவிகளும் காட்டுகின்றன. நோயைக் காட்டியது கணக்கு. மருந்து வேலை செய்கின்றதென்று காட்டுவதும் கணக்கே.

லாபம் என்ன என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். பணமில்லாமல் நிறுத்திய பாலத்தை மறு வருஷம் கட்டலாம். மூடிய பள்ளிக்கூடத்தையும் திறக்கலாம். அளக்காமல் விட்ட வருஷத்தின் காற்றை எத்தனை கோடி கொட்டினாலும் திரும்ப அளக்க முடியுமா? சர்க்கார்கள் சிக்கனம் செய்ய வேண்டுமானால் விழாக்களிலும் விருந்துகளிலும் செய்யட்டும். "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது அறிவுடைமை. அந்த ஆதாரத்தை இருட்டிலும் பனியிலும் சேர்ப்பவர்களுக்குக் கூலி கொடுக்க மறுத்துவிட்டு, பிறகு ஆதாரம் கேட்பது அறிவுடைமையாகாது என்பதே நமது அபிப்பிராயம்.