நாயைக் கழுவ ஆறுதான் கிடைத்ததா?

மக்களே, விஷயம் சின்னதுதான்: ஒரு கேம்பர்வேன், கொஞ்சம் சேறு, ஒரு ஈர நாய். ஆனால் இதைப் பற்றி இங்கே ஆளாளுக்குச் சொல்லும் புத்திமதியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் இந்த முறை கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்குப் படிக்க வராதவர்களுக்காக ஒரு வரி. வார இறுதி வந்தால் வேனைக் கிளப்பிக்கொண்டு லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பக்கம் போவது இங்கே பலருக்குக் கோயிலுக்குப் போவது மாதிரி. வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், பின்னால் ஒரு நாய். அந்தப் பகுதியில் இருக்கும் சீத்வெயிட் என்ற குக்கிராமம்தான் இங்கிலாந்திலேயே ஆள் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை வாங்கும் ஊர். வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். ஆக, நாய் நனையுமா என்பது கேள்வியே இல்லை. என் வீட்டுத் தோழனிடம் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் வேனும், ரூபி என்ற ஸ்பேனியலும் உண்டு. காய்ந்த பாதையும் குட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ரூபி எதில் நடப்பாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"நாயை வீட்டில் விட்டுட்டுப் போ" என்பவர்களை முதலில் அனுப்பிவிடுகிறேன். அந்த மழையில் மலையேற வைப்பதே நாய்தான் சார். அதை விட்டுவிட்டுப் போவதற்குப் பதில் நீங்களும் வீட்டிலேயே இருக்கலாம், பெட்ரோல் மிச்சம்.

அடுத்து வாசனைக் கோஷ்டி. ஸ்ப்ரே, தொங்கவிடும் அட்டை, கார்ப்பெட்டில் தூவும் பவுடர் என்று ஒரு கடையே வைத்திருப்பார்கள். ஈர நாய் நாற்றம் எங்கிருந்து வருகிறது? ரோமத்தில் வாழும் ஈஸ்டும் பாக்டீரியாவும் விட்டுவைத்த கழிவுகள், தண்ணீர் ஆவியாகும்போது சேர்ந்து கிளம்புகின்றன. ஈரம் இருக்கும்வரை நாற்றமும் இருக்கும். அதன்மேல் லாவெண்டர் அடிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இதில் 'இயற்கை மணம்' என்று டீ ட்ரீ எண்ணெயைத் தெளிக்கிறவர்கள் வேறு. அது நாய்களுக்கு விஷம். நாய்க்காக வேனைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி நாயையே படுக்கவைப்பதா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். (நம்ம வகுப்பு ஆட்கள் சந்தோஷப்படுங்கள், பிளஸ் டூ இயற்பியலுக்கு ஒரு உபயோகம் வந்துவிட்டது.) வேனுக்குள் முன் இருக்கைப் பகுதியும் சேர்த்துத் தாராளமாக 8 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மொத்தம் 136 கிராம். அதுவும் உள்ளே இருக்கும் காற்றில் ஏற்கெனவே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்றால்தான். மழைநாளில் அதற்கு வாய்ப்பே கிடையாது. 27 கிலோ நாய் ஒன்று நன்றாக நனைந்தால் ரோமத்தில் ஏறக்குறைய அரை கிலோ தண்ணீர் நிற்கும். அரை கிலோ எங்கே, 136 கிராம் எங்கே? மிச்சத் தண்ணீர் எங்கேயாவது போய் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்! கண்ணாடியில் வழிவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுவீர்கள். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் குளிர்ந்த தகரத்தில் உட்கார்வதும் மெத்தைக்கு அடியில் உட்கார்வதும் தெரியாது. நாலு மாதம் கழித்துப் பூஞ்சையாகவும் துருவாகவும் வந்து முகம் காட்டும். வேனை அழிப்பது சேறு இல்லை. சேறு காய்ந்தால் மண், பெருக்கித் தள்ளிவிடலாம். அழிப்பது இந்த ஈரம்.

இது புரியாமல் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து நாயைக் காயவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். காயவைக்க உட்கார்ந்து இன்னும் நனைக்கிறீர்கள்! அது மட்டுமா, மூடிய வேனுக்குள் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் என்றால் பரவாயில்லை. அப்போதும் கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைக்கவேண்டும்.

ஈரத்தை வேனுக்கு வெளியிலேயே நிறுத்த நாய்க்கே தெரியும் என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2012-ல் நனைந்த மிருகங்கள் உடம்பை உதறுவதை ஹைஸ்பீட் கேமராவில் பிடித்தார்கள். கண் இமைக்கும் நேரத்தில் ரோமத்தில் இருக்கும் தண்ணீரில் 70 சதவீதம்வரை போய்விடுகிறதாம். பைசா செலவில்லாத வேலை. நாம் என்ன செய்கிறோம்? மழைக்குப் பயந்து நாயை அவசர அவசரமாக வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். அது உள்ளே வந்து, நடுவில் நின்று, நிதானமாக உதறுகிறது. அப்புறம் திட்டு மட்டும் நாய்க்கு. இரண்டு நிமிஷம் வெளியே நின்றால் என்ன குறைந்துவிடும்?

இப்போது உண்மையான கோபத்துக்கு வருகிறேன். போன முறை கார் பார்க்கில் ஒரு பெரியவர், பளபளவென்று வேன் வைத்திருந்தவர், எங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். "எதுக்குப்பா கஷ்டம்? அந்த ஓடையில் ஒரு முக்கு முக்கி எடு, சேறு போயிடும்." அவர் நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த நாய்களின் பிடரியில் மாதாமாதம் சொட்டுச் சொட்டாக விடுகிற தெள்ளுப்பூச்சி மருந்து என்னவென்று அவருக்குத் தெரியுமா? பெரும்பாலும் ஃபிப்ரோனில், அல்லது இமிடாக்ளோப்ரிட். பூச்சியைக் கொல்லவே செய்த ரசாயனங்கள். இதே இமிடாக்ளோப்ரிடைத் திறந்த வயல்களில் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது; பிரிட்டனும் அப்போது உள்ளேதான் இருந்தது. வயலுக்கு ஆகாதது நாய் முதுகில் ஏறி ஆற்றுக்குப் போகலாமா?

கற்பனை இல்லை. 2016 முதல் 2018 வரை இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளை சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2020-ல் வெளியிட்டார்கள். 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில், 66 சதவீதத்தில் இமிடாக்ளோப்ரிட். லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்களைப் பற்றி 2024-ல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது: நாய்கள் நீந்தும் குளங்களில் இந்த மருந்துகள் இருந்தன, நாய்களை விடாத குளத்தில் இல்லை. தண்ணீர்ப் பூச்சி செத்தால் அதைத் தின்னும் மீனும் பறவையும் என்ன ஆகும் என்று ஆறாம் வகுப்புப் பையனே சொல்லுவான்.

முடியிலும் இதே கதைதான். வேனுக்குள் முடி கொட்டக்கூடாது என்று வெளியே உட்கார்ந்து நாயைச் சீவி, காற்றில் பறக்கவிட்டு, "குருவி கூடு கட்டிக்கும்" என்று கவிதை வேறு பேசுவார்கள். கட்டிக்கொள்ளத்தான் செய்கின்றன. ரோமம் வைத்துக் கட்டிய 100-க்கும் மேற்பட்ட டிட் குருவிக் கூடுகளை அதே சஸ்ஸெக்ஸ் ஆட்கள் பரிசோதித்து 2025-ல் முடிவு சொன்னார்கள்: ஒன்று விடாமல் எல்லாக் கூட்டிலும் ஃபிப்ரோனில். முட்டையும் குஞ்சும் அதன்மேல்தான் கிடக்கின்றன.

நம் வீட்டைக் கூட்டிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளினால் அம்மா என்ன சொல்வார்? அதைத்தான் இவர்கள் ஷாம்பு போட்டுச் செய்கிறார்கள்.

"அப்போ மருந்தே போடாதே என்கிறாயா? உண்ணி கடித்தால் லைம் நோய் வருமே?" நியாயமான கேள்வி. லேக் டிஸ்ட்ரிக்டில் உண்ணி உண்டு, பயப்படத்தான் வேண்டும். ஆனால் தேவை இருக்கோ இல்லையோ வருடம் முழுக்கக் காலண்டர் பார்த்து ஊற்றவேண்டாம் என்று பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கமே சொல்கிறது. எப்போது தேவை என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி படுக்குமுன் காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் கையால் தடவிப் பாருங்கள். மருந்து போட்ட நாய் என்றால் ஓடைப் பக்கம் விடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். சொட்டு மருந்து போட்டு வாரக்கணக்கில் ஆன பிறகும் நாய் நனைந்தால் தண்ணீரில் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

சரி, சேற்றை என்னதான் செய்வது? நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். வீட்டிலிருந்தே 10 லிட்டர் கேனில் தண்ணீர், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்ப் மாதிரி ஒன்று (புதுசு, மருந்து படாதது). ஓடையையும் சாலையோர வடிகாலையும் விட்டுத் தள்ளி, புல்தரையில் நிறுத்தி, காலையும் வயிற்றையும் மட்டும் வெறும் தண்ணீரில் கழுவுகிறோம். வடிகால் ஏன் கூடாது என்றால் இங்கே நிறைய வடிகால்கள் நேரே ஆற்றில்தான் போய் விழுகின்றன. குளிர்காலத்துக் காட்டுச் சேறு என்றால் காயட்டும் என்று விடாமல் உடனே கழுவுவது நல்லது. 2012 முதல் பிரிட்டனில் அலபாமா ராட் என்றொரு கொடிய நோய் நாய்களுக்கு வருகிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை, சேற்றின்மேல் சந்தேகம். கழுவியதும் அதுவாக உதறட்டும். அப்புறம் துண்டு, அப்புறம் டவல் துணியில் தைத்த கோட். பிறகுதான் வேன், அதுவும் நேராகக் கூண்டுக்குள். ஓடும் வண்டியில் நாயைக் கட்டுப்பாட்டில் வைக்கவேண்டும் என்று இங்கத்து ஹைவே கோடு சொல்கிறது. சேறும் ஒரே மூலையில் நின்றுவிடும். ஈரத் துண்டு மட்டும் உள்ளே தொங்கக்கூடாது. மூடி போட்ட டப்பாவில் அடைத்து வீட்டுக்கு. சீவிய முடி குப்பைப் பைக்கு.

வேன் ஷோரூம் மாதிரி இருக்குமா? இருக்காது. டீயில் ஒரு முடி மிதக்கும், எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்போம். அடுத்த வாரம் பட்டர்மியர் போகிறோம், ரூபியும் வருகிறாள், கேன் ஏற்றியாகிவிட்டது. ஓடையில்தான் முக்குவேன் என்று யாராவது இன்னும் நினைத்தால் காரணத்தோடு வாருங்கள், சண்டை போடலாம் :-)