பத்தாயிரம் போதும்!

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் ஞாபகம் வரும். கி.பி. 921-ம் ஆண்டின் அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியமும் உண்டு. உறுப்பினராக 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

இன்று 35-க்குக் கீழே இருக்கும் ஒரு புவியியல் ஆய்வாளர், ஏரிக்கு வரும் கால்வாய்களை நடந்தே அளந்து வரைபடம் போட என்ன வேண்டும்? பஸ் கட்டணம், வழிகாட்டும் ஊர்க்காரருக்குக் கூலி, மதியச் சாப்பாடு. பெரிய நிதியெல்லாம் பெரும்பாலும் பெயரெடுத்த பேராசிரியர்கள் பக்கமே போகும். லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி புதியவர்களுக்கென்றே சிறு நிதி தருகிறது. நம் பல்கலைக்கழகங்களும் ஆளுக்கு ஒரு பத்தாயிரம் ஒதுக்கலாமே! எந்தக் கால்வாய் எங்கே தூர்ந்தது என்று சொல்லத் தெரிந்த தாத்தாக்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்?

பணம் கிடைத்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், தம்பி தங்கைகளே. கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவர் உறவினரையும் அந்தக் கல்வெட்டு வாரியத்துக்குள் விடவில்லை!