பூட்டைக் கழற்ற வேண்டாம், மாற்றினால் போதும்!

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். "டேய், புது ரவுட்டர் மாட்டினதிலேர்ந்து பையனோட பிளேஸ்டேஷன் வைஃபைல சேரவே மாட்டேங்குது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டா சேருதாம். எடுத்துடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்க்கா!"

பாஸ்வேர்டு இல்லாத வைஃபை, தெருவாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி. உங்கள் இணைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அவர்கள் செய்யும் தப்புக்கு விசாரணை வந்தால், முதலில் தட்டப்படுவது உங்கள் வீட்டுக் கதவாக இருக்கும்.

ஆனால் அக்கா சொன்னதில் ஒரு துப்பு இருந்தது. பூட்டைக் கழற்றினால் உள்ளே போக முடிகிறது என்றால், சிக்னலில் குறையில்லை, கன்சோலிலும் பழுதில்லை. கோளாறு பூட்டில்தான்.

மருமகனிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய முதல் மாடல் பிளேஸ்டேஷன் 4. அது 2013-ல் வந்தது. வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 வந்தது 2004-ல். டபிள்யூபிஏ3 வந்தது 2018-ல். புது ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று செட் ஆகியிருந்தது. அந்தப் பூட்டுக்கு இந்த கன்சோலிடம் சாவியே கிடையாது. பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாக அடித்தாலும் பலனில்லை.

தீர்வு இதுதான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை போன் பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். வயர்லெஸ் பகுதியில் செக்யூரிட்டி என்ற இடத்தில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் சேரவில்லையா? டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். வலுவான பாஸ்வேர்டோடு இருந்தால் இன்றும் வீட்டுக்கு அது போதும். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால், அதை மட்டும் டபிள்யூபிஏ2-வாக்கி கன்சோலுக்குக் கொடுத்துவிடலாம். மற்ற போன்கள் பழையபடி புதுப் பூட்டிலேயே இருக்கும்.

உங்கள் வீட்டுச் சிக்கல் வேறாக இருக்கலாம். அடையாளத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

வைஃபை பெயரே தெரியவில்லையா? முதல் மாடல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 5 மட்டும் ஆன் ஆகியிருந்தால் 2.4-ஐயும் ஆன் செய்யுங்கள்.

பெயர் தெரிகிறது, ஐபி முகவரி கிடைக்கவில்லையா? முதலில் பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பூஜ்யம், ஓ எழுத்துக் குழப்பம் உண்டா என்று பாருங்கள். அடுத்து, ரவுட்டரில் மேக் ஃபில்டர் ஆன் ஆகியிருக்கிறதா? ஆம் என்றால் கன்சோலின் மேக் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அது இருக்கும்.

நெட் வருகிறது, நண்பர்களோடு பேச முடியவில்லையா? 'டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன்' போட்டுப் பாருங்கள். நாட் டைப் 3 என்று வந்தால், ரவுட்டரில் யூபிஎன்பி-ஐ ஆன் செய்து இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்படியும் 3 என்றே வந்தால், தடை நெட் கம்பெனியின் பக்கம் இருக்கலாம். அவர்களைக் கேளுங்கள்.

எதுவுமே புரியவில்லை என்றால் ஒரு சுலபச் சோதனை: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கன்சோலை அதில் சேருங்கள். ஹாட்ஸ்பாட்டை 2.4-ல் வையுங்கள். சேர்ந்தால் கன்சோல் நலம், ரவுட்டரைக் கவனியுங்கள். கேமை மட்டும் அதில் டவுன்லோடு செய்துவிடாதீர்கள், அன்றைய டேட்டா காலி!

பத்து நிமிடத்தில் அக்கா வீட்டில் வேலை முடிந்தது. சாயங்காலம் மறுபடியும் போன். "கனெக்ட் ஆயிடுச்சுடா. இப்ப அவனை அதுகிட்டேர்ந்து எப்படி எழுப்பறது?"

அதற்கு எந்த ரவுட்டரிலும் செட்டிங் இல்லை அக்கா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. உண்மையில் இருக்கிறது. அது அடுத்த வாரம்!