ஆதாரம் இல்லா ஆணை; சேதாரம் கமக்காரனுக்கு!

மானிப்பாய் மண்ணுக்குத் தனிப்பெருமை ஒன்று உண்டு. 1848ஆம் ஆண்டில் வைத்தியர் சமுவேல் கிறீன் இங்கு தமது பணியைத் தொடங்கினார். பின்னர் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். அம்மரபில் வந்த வைத்தியர் எவரும் நோயை நிதானியாது மருந்து கொடுப்பதில்லை. ஆனால் ஒரு நாட்டையே நோயாளியாகக் கிடத்தி, நோயையும் நிதானியாது, மருந்தையும் சோதியாது, ஒரே மடக்கில் குடிக்கச் செய்த அரசாங்கமொன்றை நாம் கண்டோம். 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத்தடையே அந்த மருந்து.

தடை வந்ததும் போனதும் பழங்கதை. அதை இன்று கிளறுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஆட்சிகள் மாறுகின்றன, ஆனால் ஆதாரம் காட்டாது ஆணை பிறப்பிக்கும் வழக்கம் ஆட்சியோடு ஒழிந்துவிடும் என்பதற்கு உறுதி எங்கே? வெங்காயத்தின் இறக்குமதி வரி, உருளைக்கிழங்கின் இறக்குமதி வரி, உரம், விதை ஆகிய அனைத்தும் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் ஓரிரவில் மாற்றப்படக்கூடியவை. மாற்றுபவர் கொழும்பிலே, மாற்றத்தின் பலனைச் சுமப்பவர் மானிப்பாயிலும் சண்டிலிப்பாயிலும் நவாலியிலும். ஆகவே அன்று நடந்ததைத் துருவி ஆராய்வது பழிதூற்றலன்று, தற்காப்பாகும்.

பத்தாண்டு ஒரே நாளாயிற்று

2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் திரு. கோட்டாபய ராஜபக்ஷ ‘சுபீட்சத்தின் நோக்கு’ என்னும் கொள்கைப் பிரகடனத்தை நாட்டின்முன் வைத்தார். பத்தாண்டுக் காலத்தில் நாடு சேதன விவசாயத்துக்கு மாறும் என்பது அதில் அளிக்கப்பட்ட வாக்கு. பத்தாண்டு என்பது நியாயமான காலமே. ஆனால் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அமைச்சரவை முடிவு வெளிவந்தது. மே 6ஆந் திகதி வர்த்தமானி வந்தது. இரசாயன உரமும் கிருமிநாசினியும் களைநாசினியும் இறக்குமதி செய்வது அத்தோடு நின்றது. பெரும்போக விதைப்புக்கு ஐந்து மாதமே எஞ்சியிருந்தது. பத்தாண்டு ஒரே நாளாகச் சுருங்கியதற்குக் காட்டப்பட்ட ஆதாரங்கள் யாவை? மூன்றினை முதன்மையாகக் கூறினர். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, சிறுநீரக நோய். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து உழவர்களைக் காரணம் தெளியாத சிறுநீரக நோய் ஒன்று வாட்டி வருகின்றது. அது கொடிய நோய் என்பதில் எமக்கு ஐயமில்லை. அம்மக்களின் துயரம் எமது துயரமே. ஆனால் இரசாயனமே அந்நோயைத் தந்தது என்பதற்குச் சான்று எங்கே? கிளைபோசேற்று என்னும் களைநாசினி, வன்னீரோடும் உலோகங்களோடும் கூடிச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என 2014இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அது ஒரு கருதுகோள். இப்படியும் இருக்கலாம் என்னும் ஊகம். ஊகம் ஆராய்ச்சிக்குத் தொடக்கம்; சட்டத்துக்கு அடித்தளம் ஆகாது. ஆயினும் அடுத்த ஆண்டே, 2015இல், அக்களைநாசினி தடை செய்யப்பட்டது. தேயிலைத் தோட்டங்கள் களையில் மூழ்கின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. இவ்வளவு பட்டபின்னும், அதே நோயைக் காட்டி 2021இல் உரம் முழுவதையும் தடுத்தனர்.

எமது குடாநாட்டை அவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்த்தனரா? எமது கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறிய வன்னீர். எமது செம்மண் தோட்டங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக உரமும் மருந்தும் கண்டவை. வன்னீரும் இரசாயனமும் கூடினால் அந்நோய் என்பது மெய்யாயின், முதலில் வீழ்ந்திருக்க வேண்டியது வலிகாமம் அன்றோ? ஆனால் அந்நோய் மலிந்த பகுதி என்று யாழ்ப்பாணம் அறியப்படவில்லை. மலைநாட்டில் மரக்கறித் தோட்டங்களுக்கு உரம் ஏராளமாக இடும் நுவரெலியாவும் அவ்வாறு அறியப்படவில்லை. கடல் கடந்து மத்திய அமெரிக்காவிலோ, கரும்புத் தோட்டத் தொழிலாளரை இதையொத்த நோய் வாட்டுகின்றது. அங்கு ஆராய்ந்தோர் பலர் கடும் வெயிலில் நீரின்றி உழைப்பதையே முதற் காரணமாகச் சுட்டுகின்றனர். உண்மைக் காரணத்தைத் தேடாது கைக்கெட்டிய காரணத்தைப் பிடித்துத் தொங்குவது அந்நோயாளருக்கும் செய்யும் துரோகமாகும்.

இரண்டாவது, அந்நியச் செலாவணி. உர இறக்குமதியை நிறுத்தினால் ஆண்டுக்கு 40 கோடி டொலர் அளவில் மிச்சமாகும் என்றனர். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு இது. உரம் குறைந்தால் நெல் குறையும். நெல் குறைந்தால் அரிசி வாங்க வேண்டும். தேயிலை குறைந்தால் வரவேண்டிய டொலரும் வராது. நடந்ததும் அதுவே. அரிசி இறக்குமதிக்கு மட்டும் சுமார் 45 கோடி டொலர் வேண்டியதாயிற்று. உரத்தில் மிச்சம் பிடிக்கப் போய், சோற்றுக்கே கடன்பட்டோம்.

மூன்றாவது, இரசாயன உரத்தின் இடத்தைச் சேதன உரத்தால் நிரப்பலாம் என்பது. எமது தோட்டக்காரர் எவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லக்கூடிய கணக்கு இது. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. நன்றாக மக்கிய கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் உண்டு. ஆகவே இரண்டு மூடை யூரியா செய்யும் வேலைக்கு 2.3 முதல் 4.6 தொன் வரை எரு வேண்டும். பெரும்போகத்தில் நாடெங்கும் 7 இலட்சம் ஹெக்டேயருக்குக் குறையாமல் நெல் விதைக்கப்படுகின்றது. ஹெக்டேயருக்கு 5 தொன் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 35 இலட்சம் தொன் எரு வேண்டும். ஐந்து மாதத்தில் அத்தனை எருவை எந்தப் பட்டியில் அள்ளுவது? எந்த வண்டியில் ஏற்றுவது?

நாட்டில் இல்லாததைச் சீனத்திலிருந்து தருவிக்க முனைந்தனர். 99,000 தொன் சேதன உரத்துக்கு ஒப்பந்தம் ஆயிற்று. முதற் கப்பலின் மாதிரியில் பயிருக்குத் தீங்கு செய்யும் பற்றீரியா இருந்ததென எமது நாட்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் கண்டனர். சரக்கு இறங்கவில்லை. ஆனால் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தே அவ்வழக்கைத் தீர்த்தனர். வராத உரத்துக்கு வந்த கட்டணம் அது!

கேட்கப்படாத சாட்சிகள்

ஆதாரம் வலுவற்றது என்பது ஒரு குற்றம். வலுவான எதிர்ச்சாட்சியை வாய்திறக்க விடாதது அதனினும் பெருங்குற்றம். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே பயிரியல் அறிந்தவர். விளைவு இன்னதாகும் என்று எச்சரித்தார். விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து அவரை விலக்கியதே அரசாங்கம் அளித்த மறுமொழி. 2021 ஜூலையில் வெரிட்டே ரிசர்ச் என்னும் ஆய்வு நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட உழவர்களை விசாரித்தது. நூற்றுக்கு 64 பேர் சேதன விவசாய நோக்கத்தை ஆதரித்தனர். ஆதரித்தவர்களிலும் நூற்றுக்கு 78 பேர் ஓராண்டுக்கு மேற்பட்ட அவகாசம் வேண்டுமென்றனர். கல்லாதார் என்று எள்ளப்பட்ட உழவர், கற்ற ஆலோசகரினும் தெளிவாகப் பேசினர்: நோக்கம் நன்று; முறை தவறு.

எமது யாழ்ப்பாணமோ இதற்கெனவே சோதனைக்களமாய் இருந்து தேறிய மண். 1990களின் பொருளாதாரத் தடையிலே யூரியாவும் தடைப்பட்ட பொருள்களில் ஒன்று. மாட்டெருவையும் குழையையும் பனையோலையையும் புதைத்துப் பயிர்செய்து ஊருக்குச் சோறிட்டவர் எமது கமக்காரர். எரு மட்டும் இட்டால் எவ்வளவு விளையும், எவ்வளவு குறையும், மண் எத்தனை போகத்தில் பழகும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரையேனும் அழைத்துக் கேட்டனரா?

உலகத்தையாவது பார்த்தனரா? சிக்கிம் என்னும் சிறு மாநிலம் 2003இல் தொடங்கி 2016இலேதான் தன்னை முழுச் சேதன மாநிலமெனப் பறைசாற்றியது. பதின்மூன்று ஆண்டு! 2020க்குள் முழுவதும் மாறுவோம் என்ற பூட்டான், அக்காலத்துள் மாற முடியாது நின்றது. இவை மறைபொருள்கள் அல்ல, கேட்டால் கிடைப்பவை.

விளைந்தது என்ன?

2021 நவம்பரில் தடையை நீக்கினர். பயிர் அதற்குமுன் மஞ்சளித்து விட்டது. 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு என்று அறிவித்தனர். வெங்காயமும் மிளகாயும் நட்ட தோட்டக்காரனின் நட்டம் யாருடைய ஏட்டில் ஏறிற்று? 2021இல் 51 இலட்சம் தொன் அளவிலிருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2022இல் 34 இலட்சம் தொன் அளவுக்கு இறங்கிற்று. அவ்வீழ்ச்சி முழுவதுக்கும் தடை ஒன்றே காரணமென்று நாம் சாதிக்க மாட்டோம். உலகச் சந்தையில் உரவிலை ஏறியிருந்தது. 2022இல் நாட்டில் டொலருமில்லை, எரிபொருளுமில்லை. பிறரிடம் ஆதாரம் கேட்பவர் தமது கூற்றையும் அதே தராசில் நிறுக்கக் கடமைப்பட்டவர். எனினும், உரத்தைச் சேமித்து வைக்க வேண்டிய வேளையில் கதவைச் சாத்தியது யார் என்பதில் ஐயமில்லை.

இவை யாவற்றினும் பெரிய சேதம் ஒன்று உண்டு. உரத்தை அளவுமீறி இடுவதனால் கேடு இல்லை என்பது எமது கட்சியன்று. எமது கிணறுகளில் நைத்திரேற்றுக் கலந்துள்ளதை 1980களிலிருந்து ஆய்வாளர் அளந்து காட்டி வருகின்றனர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைக் கடந்த கிணறுகள் வலிகாமத்தில் பல. கைக்குழந்தைகளுக்கு அது நஞ்சு. மலக்குழிகளின் ஊற்றும் அதற்கு ஒரு காரணம். தோட்டத்து உரம் மற்றொரு காரணம். இது ஊகமன்று, அளவை. இந்த அளவை சொல்வது தடையையன்று. மண்ணைச் சோதித்து, தேவைக்கேற்ப, பிரித்துப் பிரித்து, குறைத்து இடுக என்பதையே. ஆனால் 2021இல் பட்ட கமக்காரரிடம் இன்று உரத்தைக் குறைப்பீர் என்று யார் சென்று சொல்வது? மறுபடியும் ஏமாற்ற வந்தீரோ என்றே அவர் கேட்பார். பொய்ச்சான்று கொண்டு வாதாடியவர்கள் மெய்வழக்கையும் தோற்கச் செய்துவிட்டனர்.

கமக்காரப் பெருமக்களே! கற்றறிந்த அன்பர்களே! இனி எக்கொள்கை வரினும், அது எமக்கு இனிப்பதாயினும் கசப்பதாயினும், நான்கு வினாக்களை நாம் எழுப்புவோம். அளந்து கண்டதா, எண்ணிச் சொன்னதா? எங்கள் மண்ணில் சோதித்தீர்களா? எதிர்த்துப் பேசியவர் யார், அவர் சொன்னது என்ன? தவறினால் நட்டம் யாருக்கு? விவசாயப் பட்டதாரிகளும் வைத்தியரும் பொறியியலாளரும் பிறந்த ஊர்கள் இவை. அவர்தம் கல்வி சான்றிதழாய்ச் சுவரில் தொங்குவதற்கன்று. வர்த்தமானியைத் தமிழில் விளக்கி, கணக்கைக் கமக்காரர் சங்கத்தில் விரித்து வைப்பது அவர் கடன். சங்கம் கூடிக் கேள்வியை எழுத்தில் அனுப்புவது கமக்காரர் கடன்.

விதை நெல்லையே கையில் அள்ளி, ஊதிப் பதர் போக்கி விதைப்பவர் நாம். எம்மை ஆளும் கொள்கையை மட்டும் பதரோடு ஏற்பதா?